வெள்ளை பெயின்ட்

ஷெட் கதவு கிறீச்சிடாம இருக்க, சின்னவ அதை லேசா தூக்கிப் பிடிச்சுத் தள்ளினா.

கையில டார்ச்.

விடிஞ்சா பைக் ரேஸ். அண்ணன் ஓட்டப்போற வண்டியில, ஹேண்டில் வந்து சேர்ற கழுத்த இந்தத் தடவை வெல்டு வெச்சது அவதான். தாத்தா இந்த ரேஸ் பைக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து அந்த இடத்துல சின்னப் பசங்க கை பட்டதே இல்ல.

கடைசி ஓரத்துல ஒரு நொடி கை ஆடிடுச்சு. யாருகிட்டயும் மூச்சு விடல.

அந்தக் கழுத்து விட்டுச்சுன்னா, அண்ணன் கிடையாது.

உள்ள ஏற்கெனவே ஒரு வெளிச்சம். வண்டிக்கு முன்னாடி அத்தை, குத்தவெச்சு உட்கார்ந்திருந்தாங்க. இந்தக் கம்பெனியோட வெள்ளை வண்டியப் பார்த்தாலே மத்த டீமெல்லாம் பல்லக் கடிக்கும்; இத்தனை வருஷமா அதுக்கு வெல்டு வெச்ச கை அவங்களோடது.

"கை நடுங்கிடுச்சு அத்தை."

சொன்னதும் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

அத்தை திட்டல. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாங்க.

"எனக்கு இன்னிக்கும் நடுங்குதுடி. உங்க தாத்தாவுக்கும் அப்படித்தான். இல்லேன்னா வெள்ளை ஏன் அடிச்சாரு? கறுப்புல விரிசல் தெரியாதே."

சின்னவ டார்ச்ச வண்டி மேல திருப்பினா. ஸ்கூல்ல காலரத் தூக்கி விட்டுக்கிட்டு, 'எங்க கம்பெனி கலரு'ன்னு அவ பீத்திக்கிட்டுத் திரிஞ்ச வெள்ளை அது.

மறுபடியும் கதவு. அப்பா. கையில டார்ச்.

"தண்ணி குடிக்கலாம்னு..." என்றார். ஷெட்ல தண்ணியே கிடையாது.

மூணு வெளிச்சமும் அந்தக் கழுத்து மேல விழுந்துச்சு. ஒரு வாரம் பிராக்டிஸ்ல குலுங்கு குலுங்குன்னு குலுங்கின கழுத்து. சின்னவ ஓரமெல்லாம் நகத்தால தடவிப் பார்த்தா.

"வெல்டு வெச்சவ நீ. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, வண்டி இங்கேயே நிக்கும்," என்றார் அப்பா. கேலி இல்ல. பெரிய மேஸ்திரிகிட்ட கேக்குற மாதிரி கேட்டார்.

அவ திரும்ப ஒரு தடவை பார்த்தா. சுத்த வெள்ளை. முடி அளவு கோடு கூட இல்ல.

"போகட்டும்ப்பா."

குரல் நடுங்கல.

டார்ச்சையெல்லாம் அணைச்ச பிறகுதான் காதுல விழுந்துச்சு, மாடியில இருந்து ஒரு குறட்டை. நல்லா, நீளமா, கவலையே இல்லாத குறட்டை.

நாளைக்கு ஓட்டப்போறவன்.

இருட்டுல மூணு பேரும் கப்பு ஜெயிச்ச மாதிரி நின்னு அதையே கேட்டுக்கிட்டிருந்தாங்க.