ஒளிராத செல்கள்

எங்கள் கட்டுரை அச்சேறிய அன்று, துனிசியாவின் மொனஸ்தீர் நகரிலுள்ள என் ஆய்வகத்தில் மக்ரூத் இனிப்புத் தட்டைச் சுற்றிக் கூடியிருந்தோம்.

“நரம்புச் சேதியைக் கொண்டுபோற இந்தப் பெப்டைடு, ஏற்பியில போய் ஒட்டினா செல் பச்சையா ஒளிரும்னு சொன்னேன். முதல் நாளே ஒளிர வெச்சுட்டான் நம்ம வஜ்தி!” என்று என் ஆய்வு மாணவனின் தோளைத் தட்டினேன். “இவனுக்கு முன்னாடி இதே வேலையில யுஸ்ராவும்தான் இருந்தாளே! மூணு மாசம் முக்கியும் ஒரு செல்கூட ஒளிரல.”

எல்லோரும் சிரித்தார்கள். வஜ்தி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வகத்தில் தன் கடைசி நாளன்று யுஸ்ரா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “உஸ்தாத், நீங்க கலந்து குடுத்த பெப்டைடு கரைசலை ஒரு தடவை சோதிச்சுப் பாக்கலாமா?”

“இருபது வருஷமா கலக்கற கை இது! கோளாறை உன் கையில வெச்சுக்கிட்டு என்னையா சோதிக்கறே? நாளையிலேர்ந்து வராதே!” என்றேன். அவள் வரவில்லை.

நாங்கள் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டோர் ரூம் ஹாதி ஒரு சின்னக் குப்பியோடு வந்தார்.

“உஸ்தாத், ஃப்ரீசரைக் கழுவினப்போ அடியில கிடந்துச்சு. நம்ம பெப்டைடுதானே இது? ஒரே ஒரு குப்பிதானே வாங்கினோம்?”

வாங்கிப் பார்த்தேன். மூடியின் சீல் உடையவே இல்லை.

அப்படியானால், இருவருக்கும் நான் கலந்து கொடுத்தது வெறும் உப்புநீர்.

என்னையறியாமல் குப்பியைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வஜ்தியைப் பார்த்தேன். அவன் தலை நிமிராமலே சொன்னான்:

“ஒளிரலைன்னு சொன்னவளை நீங்க என்ன செஞ்சீங்கன்னு பாத்தேனே, உஸ்தாத்!”