துளையில்லாத தட்டு

"பம்ப் போயிடுச்சு. புதுசு போட்டுடுங்க" என்றார் வீட்டுக்காரர், மெக்கானிக் பையைக் கீழே வைக்குமுன்பே.

அந்த வீட்டு எஸ்பிரெசோ மிஷினுக்காக அவன் படியேறுவது இரண்டு மாதத்தில் இது நான்காம் முறை. முதலில் ரப்பர் வளையம். அடுத்து நீராவிக் குழாய். சென்ற முறை, பொடியைத் தானே அளந்து கொட்டும் புதிய அரைக்கும் கருவி. பழையவை நன்றாகவே இருந்தன. "இன்னும் உசத்தியா போடுங்க" என்று அவர் விரும்பிக் கேட்டதால் இசைந்தான்.

ஆனால், நல்ல பாகத்தைக் கெட்டது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லச் சொன்னதற்காக இரண்டு கடைகளில் வேலையை உதறியவன்.

கூடத்தில் வீட்டுக்காரரின் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அக்காவைப் பார்த்துப்போக வந்திருந்த தங்கை.

"வாங்க வாங்க. உங்களுக்கு இங்கேயே ஒரு அறை ஒதுக்கிடலாம்போல இருக்கே" என்று தங்கை மெக்கானிக்கை வரவேற்றார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அக்கா மாதக்கணக்கில் முகம் வாடிக் கிடக்கிறாள். அவளை ஒரு நாளாவது வெளியே அழைத்துப் போனதுண்டா என்று கேட்டார். "மிஷினைத்தான் மடியில வெச்சுத் தாலாட்டிட்டு இருக்கீங்க, அத்தான்."

அத்தான் மெக்கானிக்கோடு சமையலறைக்குள் நுழைந்தார்.

மெக்கானிக் மிஷினில் காபிப்பொடி போடும் கைப்பிடியைத் திருகிக் கழற்றினான். காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. காபிப்பொடிக்கு அடியில் வடிகட்டி இல்லை. மிஷினைக் கழுவும்போது மட்டும் பொருத்துகிற துளையில்லாத தட்டு இருந்தது. கழுவியவர் அதை எடுக்க மறந்திருக்கிறார். பிறகு காபி எந்த வழியாக இறங்கும்?

"சார், பம்ப்புல ஒரு குறையும் இல்ல. இதைப் பாருங்க..."

வீட்டுக்காரர் அந்தத் தட்டைப் பறித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். ஈரப்பொடி துணியில் கறையாகப் பரவியது.

"பம்ப்தான்" என்றார் குரலைத் தாழ்த்தி. "கூடத்துல இருக்கிறவங்க காதுல விழற மாதிரி நீங்களே சொல்லணும்."

மெக்கானிக்குக் கசந்தது. இந்த மனிதருக்கு, தான் செய்த தவற்றை மைத்துனி முன்னால் ஒப்புக்கொள்ள முடியாத வறட்டுக் கௌரவம். அதற்கு, குற்றமற்ற ஒரு பம்ப்பின் மேல் பழி. அதற்குத் தன்னுடைய வாய்ச்சொல்.

"அந்தப் பொய்யை நான் சொல்லமாட்டேன் சார். வேற ஆளைப் பாருங்க."

வீட்டுக்காரர் கொஞ்சம் இருக்கும்படி கையால் சைகை காட்டிவிட்டு, கறைபட்ட சட்டையை மாற்ற உள்ளே போனார். மெக்கானிக் கருவிகளைப் பைக்குள் எடுத்துவைக்கத் தொடங்கினான்.

சமையலறை வாசலில் நிழலாடியது. மனைவி நின்றிருந்தார்.

"அவர் சட்டைப்பையில போட்டதைப் பார்த்தேன், தம்பி. அந்தத் தட்டை எடுக்க மறந்தது நான்தான்."

அவன் நிமிர்ந்தான்.

"போன தடவை பொடியே போடாம, வெறும் வெந்நீரைப் பிடிச்சு அவருக்குக் கொடுத்தேன். பொடி அளக்கிற கருவி வந்துது. அதுக்கு முன்னால, பாலில்லாத பாத்திரத்துல ஆவியைத் திறந்துவிட்டேன். குழாய் மாறிச்சு. ஒவ்வொரு தடவையும் மிஷின்மேலதான் தப்புன்னு சொல்லிடுவார்."

தங்கைக்குக் கேட்டுவிடக் கூடாதென்று கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு மறதி நோய், இனி கூடிட்டேதான் போகும்னு டாக்டர் அவரைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். கதவுக்கு வெளியில நின்னு நானும் கேட்டேன். அது அவருக்குத் தெரியாது."

உள்ளறையில் அலமாரி மூடும் ஓசை கேட்டது. மனைவி அவசரமாக நெருங்கி வந்தார்.

"பம்ப் போயிடுச்சுன்னு சத்தமாச் சொல்லுங்க, தம்பி. நான் நம்பிட்டேன்னு அவர் நம்பட்டும்."