வலது கதவு

மதியத்திலிருந்து மூன்றாவது முறையாக இருதயராஜ் அந்தக் காரின் வலது கதவைப் பிரித்தான். சீட்டுக்கு அடியில் புது ஆம்ப்ளிஃபயர் வைத்து, நான்கு கதவுக்கும் புது ஸ்பீக்கர் மாட்டியாயிற்று. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போட்டால் இடது பக்கம் அதிர்கிறது. வலது பக்கம் மட்டும் பஞ்சடைத்த மாதிரி. ஒயரை மாற்றினான், ஸ்பீக்கரையே மாற்றினான், அந்தப் பக்கத்துச் சத்தத்தையும் கூட்டிப் பார்த்தான். இருபது வருஷத்தில் எந்த வண்டியும் அவனை இப்படிப் படுத்தியதில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

வண்டிக்காரி ஷமீமா டாக்ஸி ஓட்டுபவள். பொறுமையிழந்து பின்சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணே, நல்லாத்தானே கேக்குது?"

"சரியா கேளும்மா. வலது பக்கம் கம்மியா இல்ல?"

"இல்லண்ணே. அந்தப் பக்கம்தான் ரொம்பக் கூட."

அவன் டிரைவர் சீட்டிலேயே பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டான். இப்போது இடது கதவு அடங்கிவிட்டது. வலது கதவு அதிர்ந்தது. அவன் கை வலது காதுக்குப் போனது. பிறகு சத்தத்தைப் பழையபடி குறைத்து, இறங்கிப் போய்க் கதவின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினான்.

"என்னண்ணே கோளாறு?"

"ஒயர்ல சின்னப் பிரச்சினை. சரியாயிடுச்சு."

வண்டியைக் கிளப்பியவள், தெரு இரைச்சலுக்கு நடுவே அவனுடைய வலது பக்கம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி என்னவோ கேட்டாள். உதடுகள் அசைவதைப் பார்த்து அவன் சிரித்துத் தலையாட்டினான்.

அவள் போகவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.