தெய்வக்கோல் சொன்னது

அருங்காட்சியக இயக்குநர் சிற்றரசுவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மரத்தில் தங்கிப்போன பேச்சை மீட்டுத் தரும் கருவி இன்றுதான் வந்திருந்தது. முதல் பொருளாக அவர் தூக்கி வந்தது தெய்வக்கோலை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், மானுடவியல் ஆய்வு மாணவராக நோட்டும் கையுமாக ஒரு மலையூரில் தங்கியிருந்தபோது வெள்ளச்சி என்ற பெண் கொடுத்தது அது. முனைவர் பட்டம், புத்தகங்கள், இந்தப் பதவி எல்லாமே அந்த ஒரு சாண் கோலால் வந்தவை.

"மந்திரம் கேக்கும் பாருங்க," என்றார், கருவியை இயக்கும் நஸ்ரினிடம்.

கரகரப்புக்குப் பின் வெள்ளச்சியின் குரல் தெளிவாக வந்தது.

"அந்த நோட்டுக்காரப் பையன் ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. சாமி சாமானப் பாத்தாத்தான் சாப்பிடுவேங்கறான். களி கிண்டுற இந்த ஒடிஞ்ச துடுப்ப சாமி கோலுன்னு சொல்லிக் குடுத்துடப் போறேன். பாவம், வயித்துக்கு ஏதாச்சும் போகட்டும்."

நஸ்ரின் தலை நிமிரவில்லை. "அழிச்சிடட்டுமா சார்? யாருக்கும் தெரியாது."

"அழிக்கிறதா? மறுபடி போடுங்கம்மா." அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நான் சேகரிச்சதுலேயே முதல் உண்மையான தகவல் இதுதான்."

நான்கு முறை கேட்டார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பழைய அட்டையை உருவிப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே புதிதாக எழுதி வைத்தார்:

"களித் துடுப்பு. ஒடிந்தது. பட்டினி கிடந்த ஒருவனைச் சாப்பிட வைப்பதற்காகத் தெய்வமானது. கொடுத்தவர்: வெள்ளச்சி."