புளியமரம் ஸ்டாப்பிங்

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பைக்கை ஓட்டினான்.

மரம் வேண்டும். புளியமரம்.

அவன் மனைவியின் எண்ணிலிருந்து வேறு யாரோ ஒரு பெண் பேசிக் கால் மணி நேரம் ஆகிறது.

"சார், உங்க வீட்டம்மா மயக்கம் போட்டு உழுந்துட்டாங்க. புளியமரத்தாண்ட இருக்கோம். சீக்கிரம் வாங்க."

எந்தப் புளியமரம் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

அவளுக்கு ஏழாம் மாதம்.

மேப்பில் புளியமரம் என்று போட்டான். டாமரிண்ட் ஹைட்ஸ் என்று காட்டியது. பறந்தான்.

ஐந்து அடுக்குமாடிகள். நுழைவாயிலில் மரம் போல ஒரு படம். உள்ளே பேருக்கு ஒரு செடிகூட இல்லை. வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியவில்லை.

திரும்பினான்.

பெரிய சாலை. நடுவில் அரளிச் செடிகள். இரண்டு பக்கமும் சூப்பர் மார்க்கெட், பல் ஆஸ்பத்திரி, மறுபடியும் பல் ஆஸ்பத்திரி. செருப்புக் கடை வாசலில் ஏதோ கும்பல். தாண்டிப் போனான்.

மூன்று பேரிடம் கேட்டான். மூவருமே "நானும் இங்க புதுசு சார்" என்றார்கள்.

அவன் புதுசு இல்லை. வந்து மூன்று வருடம். இந்த ஏரியாவைப் பற்றி நண்பர்களிடம் அளப்பதே அவன்தான். ஒரு பக்கம் ஐ.டி. பார்க், இன்னொரு பக்கம் அசல் ஊர். செவ்வாய்க்கிழமை சந்தை, தெப்பக்குளம், ஆடி மாதம் கூழ். மெட்ராஸ்ல இது யாருக்குடா கிடைக்கும்?

சந்தைக்குப் போவது அவள். கூழ் வாங்கி வருவதும் அவள். அவன் பால்கனியில் நின்று போட்டோ எடுப்பான்.

பள்ளிக்கூடம் வரை போய்ப் பார்த்தான். அங்கே இருந்தது வேப்பமரம். விழுந்தவள் வயிறு தரையில் பட விழுந்திருப்பாளோ என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மறுபடியும் பெரிய சாலை. மறுபடியும் அந்தக் கும்பல். இந்தத் தடவை ஒருவர் நடுரோட்டுக்கே வந்து கையை ஆட்டி மறித்தார். காக்கிச் சட்டை. ஷேர் ஆட்டோக்காரர்.

"அண்ணே, புளியமரம் எங்கண்ணே இருக்கு?"

"இதான் சார்."

அவர் கீழே காட்டினார். தார் ரோடு.

"ரோட்ட அகலம் பண்ணப்போ வெட்டிட்டாங்க. ஸ்டாப்பிங் பேரு அப்படியே இருக்கு."

கும்பல் விலகியது.

கோணிப்பை விரிப்பில் அவள் படுத்திருந்தாள். தலை ஒரு பூக்காரம்மாவின் மடியில். முகத்திலும் கழுத்திலும் ஈரம். ஒரு பெண் அவளுடைய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்த ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"முன்னயே எங்களத் தாண்டித்தான் போன. கத்திக் கத்தித் தொண்ட போச்சு" என்றாள் பூக்காரம்மா. ஃபோனில் கேட்ட அதே குரல்.

"நான் மரத்தத் தேடினேம்மா."

பூக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செருப்புக் கடைன்னுதான் நான் சொல்லப் போனேன். இந்தப் பொண்ணுதான் கண்ணத் தொறந்து, புளியமரம்னு சொல்லுங்கக்கா, அவருக்குத் தெரியும், தெனமும் அங்கதான எறங்குறேன், வீட்ல சொல்லினே இருப்பேன்னுச்சு. அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருப்போம். அவரு வந்துருவாரு, ரெண்டு நிமிஷம்னு அடம். இருவது நிமிஷம் ஆச்சு."

அத்தனை பேர் நடுவில் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பூக்காரம்மாவும் கடையைப் போட்டது போட்டபடி ஏறிக்கொண்டாள். அவன் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆட்டோ கிளம்பியது.

மனைவி அவன் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"உதைக்குது. பயப்படாதீங்க."

அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"ரொம்ப டிராஃபிக்கா?"

பூக்காரம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.