மூன்று நொடி முக்காலி

"முக்காலி ஒரு கிலோவுக்குள்ள இருக்கணும். மடக்கினா துணி அடுக்குக்குப் பின்னால ஒளிஞ்சிடணும். எட்டு வேணும்," என்றார் வந்தவர்.

மடக்கு நாற்காலிகள் வடிவமைப்பவள் சிரித்தாள். "யாருக்குப் பயந்து சார் ஒளிக்கிறீங்க?"

"துணிக்கடையில எட்டுப் பொண்ணுங்க நாள் முழுக்க நிக்கறாங்க. உட்கார்ந்தா சூப்பர்வைசர் முதலாளிகிட்ட எழுதிக் கொடுத்துடுவார். வேலை போயிடும்."

"சரியான ராட்சசனா இருப்பார் போல!"

"கடையில அவருக்கு அதான் பேரு."

அடுத்த வாரம், மூங்கிலிலும் கித்தான் துணியிலும் செய்த முக்காலியை அவள் மூன்றே நொடியில் மடக்கிக் காட்டினாள்.

"அதுக்குள்ள அவர் வந்துட்டா?" என்று அவளே கேட்டாள்.

"வரமாட்டார். வாசல்லயே நின்னு ரெண்டு தடவை இருமிட்டுத்தான் வருவார்."

"ஐயோ பாவம், நெஞ்சுச் சளியா?"

"சளியெல்லாம் இல்லம்மா. கண்ணால பார்த்தா எழுதியே ஆகணும்னு முதலாளி உத்தரவு. எனக்குப் பொய் சொல்லவும் வராது. அதான் இருமறேன்."