உங்க குறை

“உனக்கு என்ன குறை?” என்று கேட்டார் ராஜா.

“எனக்கொரு குறையும் இல்லீங்க. உங்க குறையைச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள் சமையல்காரரின் மனைவி.

வாசலில் நின்ற காவலன் ஈட்டியை இறுக்கிப் பிடித்தான். குறை சொல்லக் காத்திருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராஜா அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, காவலனிடம் மண்டபத்துக் கதவை உள்ளிருந்து சாத்தச் சொன்னார்.

“ம், சொல்லு.”

“பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கேட்டது நீங்க. ஆறவிடாம மடக்குனு குடிச்சதும் நீங்க. உங்க நாக்கு வெந்ததுக்கு எங்க வீட்டுக்காரர் சிறையில கிடக்கறார். நீங்க பண்ற தப்பை அடுத்தவங்க தலையில கட்டுறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு.”

அவள் குரல் உயர்ந்தது. கோபமா, பயமா என்று காவலனுக்குப் பிடிபடவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் உங்க காது. கடைசியா யார் வந்து ஓதுறாங்களோ அதுதான் சட்டம். காலையில வரி கிடையாதுன்னீங்க. சாப்பிட்டு எழுந்ததும் ரெண்டு மடங்குன்னீங்க. ஜால்ரா போட்டவனுக்கெல்லாம் பதவி. மழை பெஞ்சா உங்களால, பெய்யலேன்னா எங்களால.”

“அந்த மழையைத் திரும்பச் சொல்லு. கொஞ்சம் சத்தமா. கடைசி வரிசைக்கும் கேக்கணும்.”

மண்டபத்தில் அவர்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் அவள் சத்தமாகவே சொன்னாள். வந்ததே வந்தோம் என்று மிச்சத்தையும் கொட்டினாள்.

“நாளைக்குச் சபை கூடுது. நீங்களே இருக்கணுமா, உங்க தம்பி வரணுமான்னு முடிவு பண்ணப் போறாங்க. தம்பியைப் பத்தி ஊர்ல ஒருத்தர்கூடத் தப்பாப் பேசலை. எங்க வீட்டுக்காரரை விடலேன்னா, அங்க வந்தும் இதையேதான் சொல்வேன். தலையை வாங்கினாலும் சரி.”

காவலன் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி அவள் எதிரே வந்து நின்றார்.

“என் முகத்துக்கு நேரா இப்படி யாருமே பேசினதில்லம்மா. நீ சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம். நாளைக்கு ராத்திரி உன் வீட்டுக்காரன் வீட்டுலதான் சாப்பிடுவான்.”

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. “இப்படி ஒரு மனசுன்னு தெரியாம, வாய்க்கு வந்தபடி பேசிட்டேனுங்க.”

“சேச்சே, ஒரு வார்த்தையைக் குறைச்சிடாதே. நாளைக்குச் சபையில இதே மாதிரி அழுதுகிட்டே சொல்லு. சொல்லி முடிச்சதும் அவனை வெளியே விடச் சொல்றேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி விழித்தாள். “உங்களைப் பத்தி, நான், சபையிலயா?”

“என் பேர் வர்ற இடத்துல மட்டும் தம்பி பேரைப் போட்டுக்கோ.”